பதிவேட்டில் இருக்கும் பெயர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழையுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைச் செயலாளர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருத்துவத் துறை இயக்குநர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நான், சென்ற ஆண்டு என் தம்பியைக் கல்லீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தேன். அவனுக்குச் சிகிச்சை அளித்த எவர் மீதும் புகார் சொல்ல இம்மடலை எழுதவில்லை. அவனைப் போன்றவர்களின் பெயர்கள் அரசின் பதிவேடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து ஈரலை ஸ்கேன் செய்து பார்க்கும் ஏற்பாடுதான் இல்லை. குழந்தைகளின் தடுப்பூசிக்கு நாள் குறித்து, வராதவர்களின் வீடு தேடிப் போவதைப் போல, இதையும் துணை சுகாதார நிலையத்தின் வழக்கமான வேலையாக ஆக்க முடியும் என்று நம்பியே எழுதுகிறேன்.

தம்பிக்கு 30 வயதிருக்கும்போது உறவினர் ஒருவரின் அறுவைச் சிகிச்சைக்காக ரத்தம் கொடுக்கப் போனான். ரத்த வங்கியில் பரிசோதித்துவிட்டு, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதால் அவன் ரத்தம் ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அக்கா, எனக்கு உள்காமாலையாம்" என்று என்னிடம்தான் முதலில் சொன்னான். கண் வெளுப்பாக இருந்தது, பசி நன்றாக இருந்தது, நெல் மூட்டை தூக்கும் உடம்பில் ஒரு வாட்டமும் இல்லை. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஒரு மண்டலம் கொடுத்தார். அதோடு வீட்டில் அந்தப் பேச்சு ஓய்ந்தது. செவிலியரான நானும் அப்படியே விட்டுவிட்டேன் என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

கீழாநெல்லியின் மேல் நம் மக்களுக்கு உள்ள நம்பிக்கையை நான் இழிவாகப் பேசமாட்டேன். 1988ஆம் ஆண்டு சென்னை ஆய்வாளர்களே அம்மூலிகையை ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பலருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்ததாக வெளியிட்டார்கள். பின்னர் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஆனால் பிந்திய செய்தி ஊருக்கு வந்து சேரவே இல்லை. கண் மஞ்சள் தெளிந்தால் ஈரல் தெளிந்துவிட்டது என்று எண்ணும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே கிடையாது என்பதைச் சுகாதாரப் பணியாளர்களாகிய நாங்களாவது வீடு வீடாகச் சொல்லியிருக்க வேண்டும்.

46 வயதில் அவனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பயனாளியாகச் சேர்ந்தான். மாதந்தோறும் மாத்திரை வாசலுக்கே வந்தது. அந்தத் திட்டத்தை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். 54 வயதில் வயிற்று வலிக்காக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலின் திசு சொரசொரப்பாகவும் அதன் ஓரம் மேடு பள்ளமாகவும் இருக்கிறது, மண்ணீரல் வீங்கி 14 சென்டிமீட்டர் நீளம் இருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருந்தது. உடன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 1,10,000 மட்டுமே இருந்தன. ஈரல் தழும்பேறிச் சுருங்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை. அவனுக்குக் கிடைத்த அறிவுரையோ எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான். காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு சரியாக இருக்கிறது, காமாலை இல்லை, ஆகவே ஈரலுக்கு ஒன்றும் இல்லை என்று அந்தக் காகிதம் மடித்துவைக்கப்பட்டது.

அவன் இறந்த பிறகு, அந்தக் காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். நோயாளியின் வயதை ஏ.எஸ்.டி. என்ற ஈரல் நொதியின் அளவால் பெருக்கி, அதை ஆயிரக்கணக்கில் குறித்த தட்டணு எண்ணிக்கையாலும் (1,10,000 என்றால் 110) ஏ.எல்.டி. என்ற இன்னொரு நொதி அளவின் வர்க்கமூலத்தாலும் வகுத்தால் வரும் எண்ணுக்கு ஃபிப்-4 என்று பெயர். 1.3க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை, 2.67க்கு மேலே போனால் ஈரலில் தழும்பு முற்றியிருக்கலாம் என்று பொருள். தம்பிக்கு ஏ.எஸ்.டி. 58, ஏ.எல்.டி. 46. கணக்கு 4.2 என்று வந்தது. இதற்குத் தனியாக ஒரு சொட்டு ரத்தமும் எடுக்கத் தேவையில்லை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கக்கூடிய எண்களை வைத்துக் கைப்பேசியிலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் எடை குறைந்தது. சர்க்கரை கட்டுப்பட்டதால் இளைக்கிறான் என்றார்கள். வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் இருக்கிறது என்றான். அல்சர் மாத்திரை கொடுத்தார்கள். திடீரென்று வயிறு நீர்கோத்து வீங்கியபோதுதான் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அதுவரை ஓரளவு ஓடிக்கொண்டிருந்த சுருங்கிய ஈரல் காரணமின்றிச் சட்டென்று சரிந்தால் உள்ளே புற்று முளைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். கட்டி 9 சென்டிமீட்டர் இருந்தது. ஈரலுக்குப் போகும் போர்ட்டல் சிரைக்குள்ளும் புகுந்திருந்தது. அறுத்தெடுக்கவோ மாற்று ஈரல் பொருத்தவோ வழியில்லை. 2020க்குப் பின் வந்த, உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றை எதிர்க்கும் மருந்துகளைக்கூட அவன் ஈரல் தாங்காது என்றார்கள். ஐந்து மாதம் இருந்தான்.

நோயைக் கண்டறியும் முறையைப் பற்றி இங்கே சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டும். எங்கே தாமதம் நேர்கிறது என்பது அதில்தான் அடங்கியிருக்கிறது.

ஈரலில் காணப்படும் கட்டியெல்லாம் ஈரல் புற்று ஆகாது. யாருக்கும் தீங்கில்லாத ரத்தக்குழாய்க் கட்டிகள் உண்டு. குடிப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு நம் ஊர்களில் அடிக்கடி வரும் சீழ்க்கட்டி உண்டு. குடல், மார்பகம், நுரையீரல் போன்ற வேறு உறுப்புகளில் தொடங்கி ஈரலுக்குப் பரவிய புற்றும் உண்டு. ஈரலிலேயே முளைப்பதைத்தான் முதன்மைக் கல்லீரல் புற்று என்கிறோம். அதில் முக்கால் பங்குக்கும் மேலானது ஈரல் உயிரணுக்களிலிருந்து தோன்றும் வகை; எஞ்சியதில் பெரும்பகுதி ஈரலுக்குள் ஓடும் பித்தக் குழாய்களிலிருந்து தோன்றுவது. முதல் வகை பெரும்பாலும் ஏற்கெனவே தழும்பேறிச் சுருங்கிய ஈரலில்தான் வருகிறது. ஹெபடைடிஸ் பி முக்கியமான விதிவிலக்கு. சுருக்கம் ஏற்படாத ஈரலிலும் அது புற்றை உண்டாக்கிவிடும்.

ஈரலுக்கு இரண்டு வாய்க்கால்களில் ரத்தம் பாய்கிறது. குடலிலிருந்து சத்தைச் சுமந்துவரும் போர்ட்டல் சிரை முக்கால் பங்கையும், தமனி கால் பங்கையும் கொண்டுவருகின்றன. புற்று வளர வளரச் சிரையின் பாசனத்தை விட்டுவிட்டுத் தமனியிலிருந்தே உறிஞ்சத் தொடங்குகிறது. ஆகவே சாயமருந்தை ஊசிவழி செலுத்தி, தமனி நிறையும் சுமார் 35ஆம் விநாடியில் ஒரு படம் எடுத்தால் புற்று சுற்றியுள்ள ஈரலைவிடப் பளிச்சென்று தெரியும். சிரை நிறையும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுப் பிந்தைய படத்திலும், சில நிமிடம் கழித்து எடுக்கும் படத்திலும் சாயம் கழுவிவிட்டாற்போல மங்கிவிடும். சுருங்கிய ஈரலில் ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டி இப்படிப் பளிச்சிட்டு மங்கினால், ஊசி குத்திச் சதை எடுக்காமலேயே ஈரல் புற்று என்று உறுதிசெய்யலாம். படத்தை வைத்தே உறுதிசெய்யக்கூடிய புற்று வேறு ஏதும் அநேகமாக இல்லை.

என் தம்பிக்கு முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் தமனிக் கட்டமே எடுக்கப்படவில்லை. வயிற்று ஸ்கேன் என்று மட்டும் சீட்டில் எழுதியிருந்ததால், வழக்கம்போல ஒரே கட்டத்தில் எடுத்து முடித்துவிட்டார்கள். கட்டி இருக்கிறது, சீழ்க்கட்டியாகவும் இருக்கலாம் என்ற அறிக்கையோடு ஆன்டிபயாட்டிக் கொடுத்து மூன்று வாரம் காத்திருந்தோம். மறுபடி முறையாக எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஈரலில் கட்டி என்ற ஐயம் இருந்தால் 'மூன்று கட்ட சி.டி.' என்று சீட்டில் எழுத வேண்டும் என்ற ஒரு சுற்றறிக்கை எல்லா வட்டார, மாவட்ட மருத்துவமனைகளுக்கும் போகட்டும். ஒரு வரிச் சுற்றறிக்கைதான். அதற்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.

சதைப் பரிசோதனையைப் பற்றியும் மக்களிடம் தெளிவு வேண்டும். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று எங்கள் வீட்டிலும் அழுதார்கள். ஊசி சென்ற தடத்தில் புற்று பரவுவது நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு நேரக்கூடியதுதான். அந்தப் பயம் முற்றிலும் பொய்யில்லை. ஆனால் ஈரல் சுருக்கம் இல்லாதவருக்கும், படத்தில் பளிச்சிட்டு மங்கும் குறி தெளிவாக இல்லாதவருக்கும், பித்தக்குழாய்ப் புற்றோ வேறு இடத்திலிருந்து பரவியதோ என்று ஐயம் உள்ளவருக்கும் சதைப் பரிசோதனை இல்லாமல் முடிவுக்கு வர முடியாது. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை மருத்துவர் உட்கார்ந்து விளக்கினால் குடும்பங்கள் புரிந்துகொள்ளும். எங்களுக்கு அப்படி விளக்கிய இளம் மருத்துவரை நான் மறக்கமாட்டேன்.

உலகில் 2022ஆம் ஆண்டில் சுமார் 8.66 லட்சம் பேருக்கு ஈரல் புற்று கண்டறியப்பட்டதாகவும், சுமார் 7.58 லட்சம் பேர் அதனால் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை கணக்கிட்டிருக்கிறது. கண்டறியப்படுவோர் எண்ணிக்கையும் இறப்போர் எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கி நிற்பதே நோய் எந்த நிலையில் நம் கண்ணில் படுகிறது என்பதைக் காட்டுகிறது. கட்டி ஒன்றே ஒன்றாக 5 சென்டிமீட்டருக்குள்ளோ, மூன்றுக்கு மிகாமல் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள்ளோ இருந்தால் ஈரல் மாற்று அறுவை நல்ல பலன் தரும் என்று மிலான் நகர மருத்துவர்கள் 1996இல் காட்டினார்கள். அவர்களிடம் மாற்று ஈரல் பெற்றவர்களில் 75 விழுக்காட்டினர் நான்கு ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். சிறிய கட்டியை அறுத்தெடுக்கலாம், ஊசிவழி வெப்பம் செலுத்திச் சுட்டுவிடவும் செய்யலாம். இறந்தவர்களின் உறுப்பைத் தானமாகப் பெறும் திட்டத்தை 2008ஆம் ஆண்டிலிருந்து ஒழுங்காக நடத்திவரும் மாநிலம் நம்முடையது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே ஈரல் மாற்று அறுவை செய்கிறார்கள். வைத்தியம் நம்மிடம் இருக்கிறது. அது பலிக்கும் காலத்தில் நோயாளி அதன் வாசலுக்கு வந்து சேருவதில்லை.

யாரைக் கண்காணிக்க வேண்டும் என்பதில் மருத்துவ உலகில் பெரிய குழப்பம் இல்லை. எந்தக் காரணத்தால் ஈரல் சுருக்கம் வந்திருந்தாலும் அவர்களையும், ஹெபடைடிஸ் பி உள்ள ஆசியர்களில் 40 வயதைக் கடந்த ஆண்களையும், 50 வயதைக் கடந்த பெண்களையும், அக்கிருமி உள்ளவர்களில் குடும்பத்தில் யாருக்கேனும் ஈரல் புற்று வந்திருந்தால் அவர்களையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு ஸ்கேனும், ஈரல் புற்றில் பெரும்பாலும் ஏறும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் செய்து பார்க்க வேண்டும். ஷாங்காய் நகரில் ஹெபடைடிஸ் பி உடைய அல்லது நாள்பட்ட ஈரல் அழற்சி கண்ட 18,816 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இவ்வாறு பரிசோதித்துவந்ததில், அப்பிரிவில் ஈரல் புற்றால் நேர்ந்த மரணங்கள் 37 விழுக்காடு குறைந்ததாக 2004இல் வெளியிட்டார்கள். அழைக்கப்பட்டவர்களில் அறுபது விழுக்காட்டுக்கும் குறைவாகவே ஒழுங்காக வந்தார்கள். அப்படியும் இந்தப் பலன் கிடைத்திருக்கிறது. அந்த ஆய்வின் முறையில் குறை சொல்வோர் உண்டு என்பதை அறிந்தே இதைக் குறிப்பிடுகிறேன்.

ஸ்கேன் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. சுருங்கிய ஈரலில் தொடக்க நிலைப் புற்றைப் பொறுத்தவரை அல்ட்ராசவுண்டு மட்டும் செய்தால் பாதிக்கும் குறைவாகவே பிடிபடுகிறது, ஏ.எஃப்.பி.யையும் சேர்த்தால் நூற்றுக்கு அறுபதைச் சற்றுத் தாண்டுகிறது. தொப்பை பெருத்தவர்களுக்கு இன்னும் குறையலாம். ஏ.எஃப்.பி. அளவு இயல்பாக இருப்பதாலேயே புற்று இல்லை என்று விட்டுவிடவும் கூடாது. புற்று உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்குமேல் அது ஏறாமலே இருக்கிறது. ஒருமுறை பார்த்து நிறுத்தாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வதன் காரணமே இதுதான்.

இனிப் பதிவேடுகளுக்கு வருகிறேன். ஒவ்வொரு ரத்த வங்கியிலும் ஹெபடைடிஸ் பி, சி இருப்பதாக விலக்கப்பட்ட கொடையாளர்களின் விவரம் இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் டயாலிசிஸுக்கு முன்னும் இதே பரிசோதனைகள் செய்யப்படுகின்றன. மது மீட்பு வார்டுகளிலும் வயிற்றில் நீர் எடுக்கும் வார்டுகளிலும் ஈரல் சுருங்கியவர்களின் பெயர்கள் நாள்தோறும் எழுதப்படுகின்றன. 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் உள்ள சர்க்கரை நோயாளிகளில் கொழுப்புக் கல்லீரல் உடையவர்கள் ஏராளமாக இருப்பார்கள். கொழுப்புக் கல்லீரலைத் தொற்றா நோய்த் திட்டத்தோடு இணைக்கும் வழிகாட்டு நெறிகளை ஒன்றிய அரசும் 2021லேயே வெளியிட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கர்ப்பிணிகளின் பதிவேடு இருக்கிறது.

அந்தப் பதிவேட்டைப் பற்றி நான் உறுதியாகப் பேச முடியும். என் பணியின் பிற்காலத்தில் கர்ப்பிணிகள் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்தோம். கிருமி இருப்பதாக வந்த தாயின் பெயரைச் சிவப்பு மையில் எழுதுவேன். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடப்பட்டதா என்று பிரசவ வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்வேன். தைவான் நாட்டில் 1984இல் தொடங்கிய அந்தத் தடுப்பூசித் திட்டத்தால் சில ஆண்டுகளிலேயே சிறுவர்களின் ஈரல் புற்று பாதியாகக் குறைந்தது. தமிழ்நாட்டிலும் 2011 டிசம்பரிலிருந்து ஐந்து நோய்த் தடுப்பூசிக்குள் அது சேர்ந்திருக்கிறது. குழந்தைகளைக் காத்துவிட்டோம். தாயை என்ன செய்தோம்? பிரசவம் முடிந்ததும் அவள் ஈரலைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

அந்தக் கட்டத்தைத்தான் இப்போது கேட்கிறேன். 2018ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் நடைபெறும் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. பெயர் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரையும் அத்திட்டத்தின் சிகிச்சை மையத்தில் சேர்ப்பதும், சேர்ந்தவருக்கு அடுத்த ஸ்கேன் நாளைத் தடுப்பூசி அட்டையில் குறிப்பதுபோல ஓர் அட்டையில் குறித்துக் கொடுப்பதும், நாள் தவறினால் செவிலியர் வீட்டுக்குப் போய் அழைப்பதும் வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை தட்டணுவும் ஈரல் நொதிகளும் பார்த்து ஃபிப்-4 எண்ணை அவர்கள் அட்டையிலேயே எழுதட்டும். சுருக்கம் தெரியும் ஈரலின் ஸ்கேன் அறிக்கையின் அடியில், 'இந்த ஈரலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்' என்று தமிழில் ஒரு வரி அச்சாகட்டும். என் தம்பி எட்டாம் வகுப்பு படித்தவன். அந்த வரி இருந்திருந்தால் அவனே படித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டியிருப்பான்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹெபடைடிஸ் பி என்று வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவனுக்கு விசா மறுக்கப்படுகிறது, மருமகளுக்குத் தனித் தட்டு வைக்கிறார்கள். சேர்ந்து உண்பதால் அது பரவாது என்று எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பேன்! ஆகவே அழைப்பு எதிலும் நோயின் பெயர் வரக்கூடாது, எச்.ஐ.வி. பதிவுகளுக்குக் காட்டும் அதே ரகசியக் காப்பை இதற்கும் காட்ட வேண்டும். பெயர் வெளியாகிவிடும் என்ற பயம் ஒருமுறை ஊருக்குள் பரவிவிட்டால் யாரும் வரமாட்டார்கள்.

இத்தனை பேருக்கு ஸ்கேன் எடுக்கக் கருவியும் கதிரியல் மருத்துவரும் போதுமா என்ற கேள்வி தங்கள் மேசையில் எழும். உடனே மாநிலம் முழுவதும் வேண்டாம். ஒரு மாவட்டத்தில், ஒரு வட்டாரத்தில் தொடங்கலாம். முதலில் அந்த வட்டாரத்தின் பதிவேடுகளைப் புரட்டி எத்தனை பெயர்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். வாரம் ஒரு பிற்பகல் அவர்களுக்கென்று ஸ்கேன் அறையை ஒதுக்க முடியுமா என்பதை அதன் பிறகு கணக்கிடலாம்.

என் கடைசித் துணை சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் சிவப்பு மையில் நான் எழுதிய தாய்மார்கள் 11 பேர். அவர்களில் ஒருவரைச் சென்ற மாதம் நியாயவிலைக் கடையில் பார்த்தேன். மகன் பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பிரசவத்துக்குப் பிறகு ஈரலுக்கென்று எந்தப் பரிசோதனையும் செய்துகொண்டதில்லை என்றார். யாரும் சொல்லவில்லையே அம்மா என்றார். மறுநாள் அவரை மாவட்ட மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். மீதி 10 பேரில் மூவர் ஊர் மாறிவிட்டார்கள். எழுவரின் வீடு எனக்குத் தெரியும். தங்கள் துறையிலிருந்து ஒரு கடிதமும், ஸ்கேன் எடுக்க ஒரு நாளும் கிடைத்தால், அந்த எழுவரையும் நானே போய் அழைத்துவருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.